ஆறு மணி பில்ட்

நாலாவது நாளும் செத்துக் கிடந்தது. வானதி தோள்பையைக்கூட இறக்காமல் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிளக் என்னமோ மாட்டித்தான் இருந்தது. மெஷினில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

"மறுபடியும் கரண்டா?" என்றார் முதலாளி உபைதுல்லா.

"தெரியல சார். கீழ உரக்கடையில கேட்டேன், நேத்து சாயங்காலம் கட்டே இல்லையாம்."

கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தஞ்சாவூரில் யாருக்கும் தெரியாத வருஷம் அது. உரக்கடை மாடியில்தான் அந்த சாஃப்ட்வேர் ஆபீஸ். ஏழு பேர் பகலெல்லாம் எழுதுவதை ஒன்றாகச் சேர்த்து, ஓடுகிற ஒரே புரோகிராமாக்கி, தினமும் சிங்கப்பூர் கம்பெனிக்கு அனுப்பியாக வேண்டும். அதற்குப் பெயர் பில்ட்.

ஆறு வருஷமாக அதைக் கையால் செய்துவந்தவர் பஞ்சநதம். ஐம்பது வயது, சோடாபுட்டிக் கண்ணாடி. இப்போதெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதுக்குத்தான் எழுந்திருப்பார்.

அதையே ஒரு மெஷின் தானாகத் தொடங்கிப் பத்தே நிமிஷத்தில் முடித்துவிடும் என்று யார் சொன்னார்களோ, உபைதுல்லா காதுக்கு எட்டிவிட்டது. வேலை வானதி தலையில் விழுந்தது. இரண்டு வருஷத்தில் அவள் எழுதியதைப் பற்றி சிங்கப்பூரிலிருந்து ஒரு குறைகூட வந்ததில்லை. அதனால் கிடைத்த மரியாதை.

மூன்று வாரம் மாடாய் உழைத்தாள். யார் எழுதியது இடிக்கிறதோ அவர் பெயரைச் சிவப்பில் போட்டு, முதலாளிக்கே மெயில் போகும்படியும் செய்துவைத்தாள். உபைதுல்லாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"மூணு தடவை ஒருத்தர் பேரு வந்துச்சுன்னா நான் ஒண்ணும் பேச மாட்டேன். வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

அன்றிலிருந்துதான் மெஷினுக்கு இந்த நோவு. பஞ்சநதம் பழையபடி கையால் செய்து அனுப்பியதால் கம்பெனி மானம் தப்பியது.

மெஷின் ஓட ஆரம்பித்தால் அந்த மனுஷருக்கு அங்கே என்ன வேலை? அடுத்தவர் சோற்றில் மண்ணைப் போடுகிறோமே என்று வானதிக்கு மனசு உறுத்தியது. ஆனால் மஸ்கட்டில் அவள் கணவனுக்கு வேலை போய் மூன்று மாசம். வீடு ஓடுவது இவளை நம்பித்தான். பாவம் பார்க்கவும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது.

பஞ்சநதம் தினமும் சாயங்காலம் தயங்கித் தயங்கி வருவார். "ஒரு பத்து நிமிஷம் இருந்துட்டுப் போறியாம்மா? ஒண்ணு பேசணும்."

"பஸ் போயிடும் சார்." அன்றைக்கு எழுதியதை அரக்கப் பரக்க ஏற்றிவிட்டு ஐந்தே முக்காலுக்குப் படியிறங்கி ஓடிவிடுவாள். திருவையாறு தாண்டி அவள் ஊருக்குள் போகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டு மணிக்கு. அதோடு, அவர் வேலையைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சினால் இவள் என்ன பதில் சொல்வது?

அன்றைக்கு உபைதுல்லா கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னிக்கும் ஓடலேன்னா, உன்னால முடியலைன்னு நினைச்சுக்குவேம்மா. அப்புறம் என்னைக் குறை சொல்லாதே."

சாயங்காலம் வானதி வழக்கம்போல இறங்கிப் போனாள். பஸ் வந்தது; அதைப் போகவிட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பப் படியேறினாள். ஆறடிக்க இரண்டு நிமிஷம். ஆபீசில் பஞ்சநதம் மட்டும் இருந்தார். மேஜைக்கு அடியில் கையை விட்டு, மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார்.

"நீங்கதானா சார்?"

கோபத்தைவிட அசதிதான் அதிகமாக வந்தது அவளுக்கு. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "உங்க வேலை போயிடுமேன்னு என் பொழப்பைக் கெடுக்குறீங்களே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே முதலாளிகிட்ட பேசியிருப்பேன்."

பஞ்சநதம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "என் வேலைக்கு என்னம்மா? கண்ணு முடியல, வேலையை விடுறேன்னு போன மாசமே எழுதிக் குடுத்துட்டேன். பாய்கிட்ட மெஷின் வைக்கச் சொன்னதே நான்தான்."

"அப்ப எதுக்கு சார் பிடுங்குறீங்க?"

அவர் மெஷினுக்குப் பின்னால் குனிந்தார். மெயில் வெளியே போகாதபடி நெட் ஒயரைக் கழற்றிவிட்டு, பிளக்கை அவள் கையில் கொடுத்தார். "நீயே மாட்டிப் பாரு."

மாட்டி, சுவிட்சைத் தட்டினாள். மெஷின் உறுமிக்கொண்டு எழுந்தது. திரையில் ஒவ்வொரு பெயராகப் பச்சையில் வந்தது. ஆறு பெயர் வந்ததும் நின்றது. ஏழாவது சிவப்பில் வந்தது: வானதி.

மறுபடி ஓட்டினாள். மறுபடியும் சிவப்பு. அதே பெயர்.

"என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே சார் ஓடிச்சு?"

"தனியா ஓடும்மா. மத்தவங்களோட சேர்த்தாத்தான் இடிக்கும்."

"ரெண்டு வருஷமா சிங்கப்பூர்லேருந்து ஒரு கம்ப்ளைண்ட்டுகூட..."

பஞ்சநதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் ஆறு மணி வேலைக்கு உட்கார்ந்தார்.

"மத்த ஆறு பேருக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம்தாம்மா ஆகும். மூணு மணி நேரமும் உனக்குத்தான்."