கடைசித் தாள்

“இன்னா அண்ணாத்தே, இதுவும் மொட்டை!”

எத்திராஜ் நாவலைக் கடைப்பலகை மேல் விட்டெறிந்தான்.

அம்பத்தூர் ஸ்டேஷன் எதிரே ஜம்புலிங்கம் வைத்திருப்பது சோடாக் கடைதான். ஆனால் யுத்தத்துக்குப் பயந்து பட்டணத்து ஜனம் பாதி இந்தப் பக்கம் குடிவந்த பிறகு, சோடாவைவிட வாடகை நாவல்தான் ஓடியது. அதிலும் பேய், சூனியம், பாழ் பங்களா என்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

“எதுடா மொட்டை?”

“கடைசித் தாளு இல்ல. மாடியில காலடி கேக்குது. விளக்கு தானா அவியுது. அந்தப் பொண்ணு போய்க் கதவத் தொறக்குது... அப்பால அட்டை! யாரு நிக்கறான்னு தெரியாம எனக்குத் தூக்கமே பூட்ச்சி.”

பீடி வாங்க வந்த தசரதன் சிரித்தான். “இதுக்கா தூக்கத்தக் கெடுத்துகினே? சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பன் வெள்ளத்துணி போத்திகினு நிப்பான். எல்லா நாவலும் அதானே!”

“தெரிஞ்சிகினே ஏன்டா வாரா வாரம் எடுத்துகினு போறே?” என்றார் ஜம்புலிங்கம்.

“நடுவுல வர்ற பயம் நல்லா கீதுண்ணே. முடிவுதான் பேஜாரு.”

ஜம்புலிங்கம் மற்ற பேய் நாவல்களையும் எடுத்துப் புரட்டினார். ஒன்றிலும் கடைசித் தாள் இல்லை. அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. எல்லாம் மூர் மார்க்கெட்டில் தொண்டை வறளப் பேரம் பேசி வாங்கியவை.

“எவன் பார்த்த வேலை இது?”

“எவன் இல்ல, எவ. எனக்கு முன்னாடி எடுத்தது யாரு? அந்த மண்ணூர்பேட்டை ராஜம்மா!” எத்திராஜ் குரலைத் தாழ்த்தினான். “அவ புருஷன் ஏரியில முங்கிச் செத்தான். அப்படிச் செத்தவன் அலைவான், பூசாரிய வெச்சிப் புளியமரத்துல ஆணி அடிச்சிக் கட்டிடலாம்னு ஊரே சொல்லிச்சி. பூசாரிய வாசல்லயே தொரத்திட்டா. பேய வெச்சிகினு சூனியம் பழகறாண்ணே. மந்திரம் கீற தாளக் கிழிச்சி வெச்சிக்கிறா.”

“நீ பார்த்தியா?”

“கிழிச்சது அவதான்னு நீ ஒரு வார்த்த சொல்லு. பூசாரிய நானே இட்டாந்து ஆணிய அடிச்சிட்றேன்.”

ரயில் ஊதியது. இரண்டு பேரும் வேலைக்கு ஓடினார்கள்.

சாயங்காலம் ராஜம்மா வந்தாள். ஜட்காக் குதிரைகளுக்குப் புல் விற்கிறவள். புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் சுற்றியிருந்த நாவலை நீட்டினாள். ஜம்புலிங்கம் வாங்கியதும் கடைசியைப் பார்த்தார். தாள் இல்லை.

“ஏம்மா, மிஷன் பள்ளிக்கூடத்துல இதான் சொல்லிக் குடுத்தாங்களா? நீ கிழிச்சி வெளாடவா நான் கடை வெச்சிருக்கேன்?”

“நான்தாண்ணே கிழிச்சேன்.”

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் எப்படிச் சண்டை போடுவது?

“மந்திரமா எழுதியிருந்தது?”

“மந்திரம் இருந்தா ஏண்ணே கிழிக்கறேன்? மனப்பாடம் பண்ணியிருப்பேன்.”

“பின்ன?”

அவள் புல்லுக்கட்டின் கயிற்றையே பார்த்தபடி சொன்னாள். “புஸ்தகம் முச்சூடும் பேய் வருதுண்ணே. படியேறி வருது. பேர் சொல்லிக் கூப்புடுது. படிக்கறப்ப எனக்கும் கேக்கறா மாரியே கீது. கடைசித் தாள்ல, அது பேயே இல்ல, திருடன்னு எழுதிட்றான். ஒருத்தன் பாக்கி இல்லாம அப்படித்தான் எழுதறான். செத்தவங்க வரவே மாட்டாங்கன்னு அச்சடிச்ச தாள ஊட்டுல வெச்சிகினு படுக்க முடியலண்ணே. அடுப்புல போட்டுட்டேன்.”

ஜம்புலிங்கம் சோடா பாட்டிலை எடுத்தார். திறக்காமல் வைத்தார்.

“பேய் ஊடு, பேய் ஊடுன்றாங்க. நானும் கொல்லக்கதவத் தாப்பா போடாமத்தான் வெச்சிருக்கேன். ஒரு நாளு கூட வரல.” பலகையிலிருந்த நாவல் மேல் அவள் கண்ணீர் சொட்டியது. “ஆணி வேற அடிச்சிட்டா, எப்படிண்ணே வருவாரு?”

“சரி சரி, புஸ்தகத்து மேல அழுவாதே. ஈரமாவுது” என்று எரிந்து விழுந்தார் ஜம்புலிங்கம்.

அதற்குள் ரயில் வந்துவிட்டது. எத்திராஜ் பலகையைத் தாண்டாத குறையாக வந்து நின்றான்.

“இங்கதான் நிக்கறாளா? கேட்டியா அண்ணாத்தே? ஒத்துகினாளா?”

ராஜம்மாவின் கை கயிற்றை இறுக்கிப் பிடித்தது.

“எதை ஒத்துக்கணும்? எலி கடிச்சிருக்குடா!” ஜம்புலிங்கம் கத்திய கத்தலில் ஜட்காக் குதிரை காதை விடைத்தது. “என் கடை எலி. அதுக்கும் ஆணி அடிப்பியா? ஒரு பொம்பளயப் பத்திப் பேசறப்ப நாக்க அடக்கு. இல்ல, இனிமே உனக்கு நாவலும் கிடையாது, சோடாவும் கிடையாது!”

எத்திராஜ் தலையைச் சொறிந்தான். “கோச்சிக்காதேண்ணே. எலின்னா எலிதான். அப்ப முடிவாவது சொல்லு. நீதான் படிச்சிருப்பியே. கதவுக்கு வெளியே யாரு? சித்தப்பன்தானே?”

ஜம்புலிங்கம் அந்த நாவலைப் படித்திருந்தார். சித்தப்பன்தான்.

“இல்ல” என்றார். “செத்துப்போன புருஷன்.”

“எவனாவது திருடன் அவன மாரி வேஷம் போட்டுகினு வந்தானா?”

“வேஷமும் இல்ல, துணியும் இல்ல. அவனேதான். நெசமாவே வந்துட்டான்.”

“அப்பறம்?”

கேட்டது எத்திராஜ் இல்லை. அந்தத் தாளைப் படித்துவிட்டுத் தன் கையாலேயே கிழித்து அடுப்பில் போட்ட ராஜம்மா.

ஜம்புலிங்கம் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“அப்பறம் இன்னா, சோறு கீதான்னு கேட்டுகினே உள்ள வந்து குந்திகினான்.”