நூறு மீட்டர்

செத்துக் கிடந்த மாமியாரின் தலைமாட்டில் இலக்கியா உட்கார்ந்திருந்தாள். அவளை அடித்துத் துரத்திய புருஷன் நவநீதன் தெருமுனை டிரான்ஸ்பார்மர் அருகே நின்றான். அவளிடமிருந்து நூறு மீட்டருக்குள் வந்தால் அவன் கணுக்காலில் கோர்ட் பூட்டிய வளையம் அலறும். மூன்றாவது முறை அலறினால் ஜெயில். காலையிலிருந்து இரண்டு முறை அலறியாகிவிட்டது.

நவநீதனின் சித்தப்பா அவளிடம் குனிந்தார். "ஏம்மா, ஒரு பத்து நிமிசம் அடுத்த தெருவுக்குப் போயிட்டு வா. பெத்தவ மொகத்தை அவன் பாக்க வேணாமா?"

"ஆர்டர்ல அவன்தான் விலகணும்னு இருக்கு மாமா. நான் விலகணும்னு இல்ல."

"அது ஒன்னையக் காப்பாத்தக் குடுத்த ஆர்டரும்மா."

"எங்கப்பா செத்தன்னைக்கு என்னைய உள்ள வச்சுப் பூட்டினான். சாவி இந்த அத்தை இடுப்புலதான் இருந்துச்சு. நீங்க கூடத்துல உக்காந்து காபி குடிச்சீங்க."

சித்தப்பா நிமிர்ந்து வெளியே போனார். கொள்ளியாவது வைக்கட்டும் என்று நவநீதனை முன்கூட்டியே சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவது வழக்கம் என்ற தைரியம்தான்.

பாடை கிளம்பியது. தெருமுனையில் பெண்களெல்லாம் அழுதுவிட்டுத் திரும்ப, இலக்கியா மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாடைக்குப் பின்னால் நடந்தாள்.

சித்தப்பா ஓடிவந்து மறித்தார். "வேணாம் தாயி. சுடுகாட்டுக்கு ஒரே வாசல்தான். நீ வந்தா அவன் எங்கிட்டுப் போவான்?"

"அன்னைக்கு ஒங்க வீட்டுக்கும் ஒரே வாசல்தான் மாமா இருந்துச்சு."

அவரைச் சுற்றிக்கொண்டு அவள் நடையை எட்டிப் போட்டாள்.