மலை முதுகில் ஒரு ஓட்டை

இந்தக் கதையில் சிரிக்க ஒரு இடம் இருக்கிறது. இப்போதே பல்லைக் காட்டாதீர்கள்; முதலில் வரைபடம் முடியட்டும்.

வானத்தைச் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று கீழே பார்த்து "ஓய்!" என்று கூவும். குரல் சீக்கிரம் திரும்பினால் மேடு, தாமதித்தால் பள்ளம். இப்படியே உலகம் முழுக்க அளந்துவிட்டது. ஒரு பெரிய மலையின் முதுகுப்பக்கம் மட்டும், அது வழக்கமாக வரும் திசையிலிருந்து குரல் எட்டவில்லை. வரைபடத்தில் அங்கே ஓட்டை. வெள்ளம் எந்தப் பக்கம் பாயும் என்று ஊர்க்காரர்கள் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மழைக்காலம் வருவதற்குள் ஓட்டையை அடைத்தே தீருவேன் என்று செயற்கைக்கோள் ஒற்றைக்காலில் நின்றது.

"மலையண்ணே, உங்க பின்னாடி யாரு?"

மலை வாய் திறப்பதற்குள், பின்னால் பதுங்கியிருந்த பள்ளத்தாக்கு முந்திக்கொண்டது. அதற்கு எல்லார் குரலும் அத்துப்படி. மலையின் கட்டைக்குரலில் முழங்கியது: "என் தம்பிப்பா. என்னைவிட ஒசரம்!"

உடனே அதுவே பக்கத்துக் குன்றின் கீச்சுக்குரலில், "ஆமாமா, அவனை அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்துவலி!"

இரண்டு சாட்சி போதாதா? அளக்காமலே ஓட்டையில் ஒரு சிகரத்தை வரைந்துவிட்டது செயற்கைக்கோள். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்து கூவியது.

"ஓய், தம்பி!"

மலையிலிருந்து குரல் திரும்பியது. குன்றிலிருந்தும் திரும்பியது. தம்பியைக் காணோம். அப்புறம், எல்லாரும் ஓய்ந்த பிறகு, எங்கோ அடிவயிற்றிலிருந்து செயற்கைக்கோளின் குரலிலேயே வந்தது: "ஓய்... தம்பி..."

செயற்கைக்கோள் தான் வரைந்த சிகரத்தைப் பார்த்தது. கீழே பார்த்தது.

"அடப்பாவி! உச்சியில இருக்கிறவனுக்கு இவ்வளவு நேரமாடா ஆகும்?"