மூன்றாவது போட்டோ

‘அடிதடியற்ற பள்ளி’ என்ற பேனருக்குக் கீழே என்னையும் ஜெனிஷாவையும் நிறுத்தினார்கள். நேற்று கழிவறைக் கதவிடுக்கில் என் விரல்களை வைத்து நசுக்கியவள் அவள்தான்.

“கை குடுத்து ராசியாயிருங்கடி. போட்டோவ இன்னிக்கே வெப்சைட்ல ஏத்தணும்,” என்றார் பாதுகாப்புக் குழு டீச்சர்.

ஜெனிஷா என் வீங்கிய விரல்களாகப் பார்த்துப் பிடித்து இறுக்கினாள். முதல் போட்டோவில் பேனர் முழுதாக வரவில்லை. இரண்டாவதில் நான் அழுதுகொண்டிருந்தேன்.

“மூஞ்சிய ஏண்டி இப்படி வச்சிருக்க? சிரி,” என்று டீச்சர் எரிந்து விழுந்தார்.

மூன்றாவதற்கு, இடது கையையும் மேலே வைத்து, அவள் சுண்டுவிரலை மட்டும் தனியாகப் பற்றிக்கொண்டு சிரித்தேன்.

“சூப்பர். போதும், விடுங்க.”

நான் விடவில்லை. விரலைப் பின்பக்கமாக வளைத்தேன்.

“டீச்சர், விடச் சொல்லுங்க டீச்சர்!”

டீச்சர் போனை உயர்த்திப் பிடித்தபடி சிக்னல் தேடி வராந்தாவுக்குப் போய்விட்டார்.