மூச்சு வாங்கிய லேப்டாப்

"எப்பலேர்ந்து இப்படிக் கத்துது?" என்று கேட்டாள் லேப்டாப் மெக்கானிக்.

"போன வாரத்துலேர்ந்துங்க. போட்டோவைத் திருத்த ஆரம்பிச்சா அடுப்பா கொதிக்குது, ஃபேன் ஹெலிகாப்டரா இரையுது," என்றார் ஸ்டூடியோக்காரர்.

அவள் கழற்றிப் பார்த்தாள். உள்ளே ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"அப்படி என்னதான் திருத்துறீங்க?"

"ரெண்டு நாள் முன்னாடி ஒரு மாப்பிள்ளை போட்டோ. சொட்டையில முடி நட்டேன், தொப்பையைக் கரைச்சேன், வயசுல பத்தைக் குறைச்சேன்."

அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறே வலித்தது. "எந்த அப்பாவி தலையில கட்டப்போறாங்களோ. திறங்க, பார்ப்போம்."

ஃபேன் இரைய, படம் திறந்தது. அவள் சிரிப்பு நின்றது.

"இது எங்க வீட்ல எனக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளைங்க. இந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் சரின்னு சொன்னேன்."

ஸ்டூடியோக்காரர் அவள் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார்.

"எங்கேயோ பார்த்த முகமா இருக்கேன்னு நினைச்சேன். போன வாரம் ஒருத்தர் தங்கச்சிக்கு வரன் பார்க்கணும்னு போட்டோ கொண்டுவந்தாரு. அது நீங்கதானா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"லேப்டாப் முதல்ல சூடானதே அன்னைக்குத்தாங்க."