எஸ்ஸும் டியும்

“என்னக்கா, நீங்க இன்னும் மாறலையா? ஆபீஸே சுருட்டையோட ஷார்ட்கட்டுக்கு மாறியாச்சே!”

பக்கத்து சீட்காரி சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அக்காவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

ஆபீஸில் எல்லோருக்கும் அவள் அக்காதான். புரோகிராம் எழுதும் எடிட்டரில் எந்தக் கீயை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். இத்தனை வருடமாக அங்கே அக்கா வைத்ததுதான் சட்டம். சேவ் பண்ண எஃப் செவன், டெலீட் பண்ண கன்ட்ரோலும் கேயும், எதையாவது தேட மூன்று விரல் வேண்டும். மனப்பாடம் பண்ணுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஆனாலும் சந்தேகம் என்றால் அக்கா மேஜைக்குத்தானே வந்து நின்றார்கள்!

நேற்று வந்த சுருட்டைமுடிக்காரன் ஒரே ஒரு விதி வைத்தான். ஆல்ட் கீயோடு, செய்யும் வேலையின் முதல் எழுத்து. சேவுக்கு எஸ், கேள்வி கேட்காமல் கோப்பையே அழிக்கும் டெலீட்டுக்கு டி. அவ்வளவுதான், அத்தனை பேரும் கட்சி மாறிவிட்டார்கள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் இதையே வைக்கச் சொல்லி மேனேஜரும் உத்தரவு போட்டுவிட்டார்.

“இதெல்லாம் ஒரு வித்தையா? எல்கேஜி பிள்ளைகூடப் பண்ணும்,” என்றாள் அக்கா.

“அதுதாங்கா இதுல அழகே!”

அழகாம் அழகு! அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தன் கம்ப்யூட்டரிலும் மாற்றினாள்.

இன்றைக்குப் பார்த்து டீம் லீடருக்கான போட்டி வேறு. அவளுக்கும் சுருட்டைக்கும் ஒரே கோப்பு, ஆளுக்கொரு பிரதி. தப்பையெல்லாம் திருத்தி யார் முதலில் சேவ் பண்ணுகிறார்களோ அவருக்குத்தான் பதவி. அக்கா பல வருடமாகக் கண் வைத்திருந்த நாற்காலி அது. இதையும் இவன் கொத்திக்கொண்டு போவதா?

சுருட்டை டீ குடிக்கப் போனான். அக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவன் கம்ப்யூட்டரில் இரண்டே வரியை மாற்றினாள். இனி எஸ் அழுத்தினால் கேள்வி கேட்காமல் கோப்பு அழியும். டி அழுத்தினால் சேவ் ஆகும். ‘சேவ் பண்ணுடா ராசா, பண்ணு!’ அப்போதுதான் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

மேனேஜர் வந்தார். ஆபீஸே சுற்றி நின்றது.

“ரெண்டு பேரும் சீட் மாறி உக்காருங்க.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எதுக்கு சார்? எனக்கு என் கம்ப்யூட்டர்தான் பழக்கம்...”

“அதான் எல்லாம் ஒண்ணாயிடுச்சேம்மா! எங்க உக்காந்தா என்ன? அதையும் பார்த்துடலாம்.”

போய் உட்கார்ந்தவள் சுதாரித்துக்கொண்டாள். எது எங்கே இருக்கிறது என்று மாற்றிவைத்தவளுக்குத் தெரியாதா? எஸ் பக்கமே போகக்கூடாது, அவ்வளவுதானே. விரல்கள் பறந்தன. எதிர்மேஜையில் சுருட்டை இன்னும் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ‘யாருகிட்ட!’ என்று நினைத்தபடியே அக்கா ஆல்ட்டையும் டியையும் சேர்த்து ஓங்கி அழுத்தினாள்.

திரை துடைத்துவிட்டது போல வெறுமையானது.

“ஐயோ அக்கா! சேவுக்கு எஸ்தானே? ஏன் டியை அழுத்துனீங்க?” என்று கத்தினாள் பக்கத்து சீட்காரி.

“இல்லடி, இந்தக் கம்ப்யூட்டர்ல டிதானே சே...” அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எதிர்மேஜையிலிருந்து சுருட்டை மெதுவாகத் தலை நிமிர்ந்தான்.

“டீ குடிச்சிட்டு வந்ததுமே பார்த்துச் சரி பண்ணிட்டேங்கா. மாத்தினது யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு.”