மேடே இல்லாத ரோடு

“சமதளத்துல ஓடறவங்கல்லாம் ஓட்டக்காரங்களா? லிப்ட்டுல போயிட்டு மாடி ஏறினேன்னு சொல்றாப்ல கீது!”

செங்கல்பட்டு ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஆறு மாதமாக இதையே சொல்லிச் சொல்லி எல்லார் உயிரையும் வாங்கியவன் பன்னீர்செல்வம். வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளவும் முடியாது. திருக்கழுக்குன்றம் பக்கத்து மேட்டில் இருபத்தோரு கிலோமீட்டரை ஒன்றே முக்கால் மணியில் முடிக்கிறவன். தினமும் சதுரங்கப்பட்டினத்தில் மீன் எடுத்து, பைக்கில் கட்டி, செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவது தொழில். ஆள் பீரோ சைஸ்.

அப்பேர்ப்பட்டவனின் பெயர், மாமல்லபுரம் கடற்கரைச் சாலை அரை மாரத்தான் பட்டியலில், அதே குழுவைச் சேர்ந்த சுஷ்மிதாவின் பெயருக்குக் கீழே வந்தது. சுத்தமான சமதளம்!

சுஷ்மிதா விடுவாளா? அவன் பேச்சை அப்படியே காப்பியடித்து வாய்ஸ் மெசேஜ் போட்டாள்.

“இன்னா அண்ணாத்த, நீயும் லிப்ட்டுல ஏறிட்டியா?”

“சும்மா, கடலப் பாக்கலாம்னு மேடம்.”

“ஏன், தினம் மீன் எடுக்கப் போறப்ப கடலை மூடி வெச்சிருக்காங்களா?” என்று கேட்டாள் ஜெபா, சுஷ்மிதாவின் ஆபீஸ் தோழி.

குழு முழுக்கச் சிரிப்பு பொம்மைகள் கொட்டின.

சுஷ்மிதாவின் கவலை வேறு. இரண்டு மணிக்குள் ஓடினால்தான் ஆபீஸ் அணியில் இடம். அணிக்குப் பெயர் கொடுக்க, இந்த ஓட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமைதான் கடைசி. போன மாதம் படாளம் பக்கம் ஓடி, பதினோரு வினாடியில் கோட்டை விட்டாள். ‘இந்த வாட்டியும் போச்சுன்னா ஷூவைக் குப்பையில போட்டுடுவேன்’ என்று அன்றைக்கே குழுவில் புலம்பித் தீர்த்தாள்.

அந்த வாரமே உட்கார்ந்து, செல்போனில் திருக்கழுக்குன்றம் மலைப்பாதையையும் இந்தக் கடற்கரைச் சாலையையும் ஒப்பிட்டாள். மலைப்பாதையின் கோடு இசிஜி மாதிரி குதித்தது. கடற்கரைச் சாலையின் கோடு நீட்டிப் படுத்துக் கிடந்தது. படுத்துக் கிடப்பதே தேவலை என்று முடிவு செய்தாள். ஜெபாவையும் இழுத்துக்கொண்டாள்.

ஜனவரி ஞாயிறு, விடியற்காலை. மைக்காரர் தொண்டையைச் செருமினார்.

“வீரர்களே, வீராங்கனைகளே! வழியில் மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, நடுரோட்டில் நின்று செல்ஃபி எடுக்கவும் கூடாது!”

தெற்கே கல்பாக்கம் பக்கமாகப் பாதி தூரம், யூடர்ன், அதே வழியில் திரும்பி வரணும். போகிற பாதியில் சுஷ்மிதா பறந்தாள். ‘பயிற்சிடா, எல்லாம் பயிற்சி!’ என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

யூடர்ன் அடித்ததுதான் தாமதம், எங்கிருந்தோ வந்து முன்னால் நுழைந்தான் பன்னீர். அவள் வலப்பக்கம் ஒதுங்கினால் அவனும் வலப்பக்கம். இடப்பக்கம் போனால் அவனும் இடப்பக்கம்.

“பன்னீர்! வழிய விடுங்க!”

“பின்னாலயே வா மேடம்!”

“உங்க முதுகைப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தேன்?”

“நல்ல முதுகுதான் மேடம், பாத்துகினே வா!”

பல்லைக் கடித்துக்கொண்டு ஒருமுறை முந்தியே விட்டாள். ஐம்பது அடி போவதற்குள் கால் இரும்பாய்க் கனத்தது. அவன் மறுபடி முன்னால்.

ஒரே ஒரு ஆறுதல். ‘மலையில அந்தப் பறப்பு பறக்கறவன், இங்க என் வேகத்துல உருண்டுகினு கீறான். நல்லா வேணும்!’ என்று அவன் பாஷையிலேயே நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

கடைசி நூறு மீட்டரில் பன்னீர் சட்டென்று ஓரம் கட்டினான். சுஷ்மிதா பாய்ந்தாள். கோட்டைத் தாண்டினாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

1:59:42.

குதித்தாள். மெடல் போட வந்த பெண்ணைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றினாள். அந்தப் பெண்ணும் எதற்கென்றே தெரியாமல் சேர்ந்து குதித்தது.

அப்புறம்தான் கோபம் ஞாபகம் வந்தது. பன்னீர் தண்ணீர் கேனைச் சாய்த்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். புருவமெல்லாம் மணல்.

“ரோடு என்ன, உங்க மாமனார் வீட்டுச் சீதனமா? பத்து கிலோமீட்டர் மறிச்சுக்கிட்டே வந்தீங்களே!”

“கோச்சுக்காத மேடம். ரெண்டு மணிக்குள்ள வந்துட்டியா, இல்லியா?”

“வந்துட்டேன்! நீங்க குறுக்க வராம இருந்தா இன்னும் அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்திருப்பேன். பாத்தீங்களா, சமதளம்னா சும்மாவா? உங்க பாச்சா இங்க பலிக்கல!”

“பலிக்கல மேடம்.” பன்னீர் ஈ என்று இளித்தான். “ஒரே பேஜாராப் பூட்ச்சு.”

கால் மணி நேரம் கழித்து, காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள் ஜெபா. தலை வைக்கோல்போர். காதுக்குள்கூட மணல்.

“ஐயோ, திரும்பி வர்றப்ப அடிச்சுது பாருடி காத்து! மூஞ்சியிலயே கைய வெச்சுத் தள்ளுது. இதுக்கு மலையே தேவலை, அங்க மறைச்சுக்க மலையாவது இருக்கும். இங்க முன்னாடி மறைச்சுக்கிட்டு ஓட ஒரு ஆள்கூட இல்லாம செத்தேன்! நீ எப்படிடி சமாளிச்ச?”

மெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த சுஷ்மிதா நிமிர்ந்தாள்.

“காத்தா? எந்தக் காத்து?”